சிட்டி ஏன் திரும்பி வந்தது?

2010 அக்டோபர் 1 அன்று வெளியான ‘எந்திரன்’ மிச்சம் வைக்காமல் முடிந்த கதை. நூற்றுக்கணக்கில் பெருகி நகரத்தைச் சூறையாடிய எந்திரங்கள் அடக்கப்பட்ட பிறகு, சிட்டி என்ற எந்திர மனிதனைப் பிரித்துவிடும்படி நீதிமன்றம் சொல்கிறது. சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. அங்கிருந்து கதை 2030க்குப் போகிறது. அருங்காட்சியகம் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒரு சிறுமி, இதை ஏன் பிரித்துப் போட்டார்கள் என்று கேட்கிறாள். தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று சிட்டியே பதில் சொல்கிறது. எடுத்துக்கொண்ட கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்டு முடித்த வணிகப் படங்கள் தமிழில் குறைவு.

2018 நவம்பர் 29 அன்று ‘2.0’ வந்தது. முதல் படத்தின் முடிவை அது மறுத்தே ஆக வேண்டும். மறுக்காவிட்டால் படமே இல்லை. பிரித்துப் போட்ட சிட்டியை மறுபடி பூட்டி எழுப்புகிறார்கள். இத்தனை காலம் துண்டுதுண்டாகக் கிடந்ததை அது எப்படி எடுத்துக்கொண்டது? தன்னைப் பிரித்துப் போட்டவர்களுக்காக அது ஏன் சண்டைக்குப் போக வேண்டும்? சிந்தித்ததுதான் குற்றம் என்றால், இப்போது அது சிந்திக்கிறதா இல்லையா? படத்துக்கு இவற்றில் அக்கறை இல்லை. எழுந்ததும் சிட்டி வேலைக்குப் போய்விடுகிறது.

அறிவியல் புனைகதைப் படங்கள் தொடராக நீளும்போது ஏன் இளைத்துப் போகின்றன என்ற கேள்வியை ‘டெர்மினேட்டர்’, ‘ஏலியன்’, ‘ஜுராசிக் பார்க்’ ஆகியவற்றை வைத்துத்தான் வழக்கமாகப் பேசுவார்கள். நம்மிடம் அத்தனை நீண்ட தொடர் கிடையாது. ஆனால் இரண்டே படங்களில் அந்தச் சரிவின் காரணங்கள் அனைத்தையும் காட்டிவிடக்கூடிய ஒன்று இருக்கிறது. அதனால் சிட்டியை முன்னால் வைத்தே இதைப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கை ஒப்புக்கொண்டு ஒதுக்கிவிட வேண்டும். எல்லாப் படத்துக்கும் இரண்டாம் பாகம் வருவதில்லை. எதிர்பாராத அளவுக்கு நன்றாக அமைந்து ஓடிய படத்துக்குத்தான் வருகிறது. அப்படி அபூர்வமாக அமைந்த ஒன்றை அடுத்து வருவது அதைவிடக் கொஞ்சம் கீழே இருப்பதே இயல்பு. புள்ளியியல்காரர்கள் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். ஆகவே சரிவில் ஒரு பங்குக்குக் காரணமே தேட வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கு எல்லா வகைப் படத்துக்கும் பொது. ‘முனி’யில் 2007இல் தொடங்கிய பேய் வரிசை ‘காஞ்சனா’க்களாக 2019 வரை வந்தது. ‘அரண்மனை’ 2014இல் தொடங்கி 2024இல் நான்காம் பாகத்தைத் தொட்டது. அவற்றின் தரம் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும், போகிறவர்கள் பழைய பயத்தையும் பழைய சிரிப்பையும் தேடித்தான் போகிறார்கள். பேய் மாறினால் போதும். கேள்வி எதுவும் மாற வேண்டியதில்லை, ஏனென்றால் கேள்வி என்று ஒன்று முதலிலும் இல்லை.

அறிவியல் புனைகதை அப்படி இயங்குவதில்லை. டார்க்கோ சூவின் என்ற விமர்சகர் 1970களில் இந்த வகைக்கு ஓர் இலக்கணம் சொன்னார். நாம் வாழும் உலகில் இல்லாத, ஆனால் அறிவு ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு புதுமை கதையின் நடுவில் இருக்க வேண்டும். கதையில் வரும் மற்ற எல்லாமே அந்தப் புதுமையிலிருந்து தர்க்கமாகக் கிளம்பி வர வேண்டும் என்பது அதன் சாரம். இந்த வகையின் பலம் அதுதான். தொடருக்கு அதுவே சாபமாகவும் ஆகிறது, ஏனென்றால் புதுமை ஒரு தடவைதான் புதுமை.

‘எந்திரனி’ல் அந்தப் புதுமை வேலை செய்யும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தீப்பிடித்த கட்டடத்துக்குள் சிட்டி புகுந்து ஆட்களைத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிவந்து, கூட்டத்துக்கும் டிவி கேமராக்களுக்கும் நடுவில் நிறுத்துகிறது. சிட்டியின் கணக்கில் எந்தத் தவறும் இல்லை. தீயில் ஓர் உயிர் இருந்தது, அது காப்பாற்றப்பட்டது. அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். அந்தப் பெண்ணைக் கதை சாகடித்த விதம் எனக்கு உடன்பாடில்லை. மானம் போனால் சாவுதான் என்ற பழைய நியாயத்தைப் படம் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் ஓர் எந்திரத்துக்கு எது தெரியாது என்பதை இரண்டு நிமிடத்தில், விளக்கவுரை இல்லாமல், நம் ஊர்க் கூட்டத்துக்கு நடுவே வைத்துக் காட்டிய காட்சி அது. இங்கிருந்துதான் அடுத்தது எல்லாம் வருகிறது. உணர்ச்சி தெரியாத எந்திரம் ஆபத்து என்று அதற்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கிறார்கள். உணர்ச்சி வந்ததும் அது தன்னைப் படைத்தவனின் காதலி சனாவைக் காதலிக்கிறது. காதலித்ததற்காக, படைத்தவனே அதை வெட்டிக் குப்பைமேட்டில் போடுகிறான். ஒரு படி இல்லாமல் அடுத்த படி இல்லை.

இப்படி எந்திரத்துக்கும் மனிதருக்கும் நடுவில் நின்று யோசிப்பதைத் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கியவர் எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பணியில் பங்கெடுத்தவர். ‘எந்திரன்’ வசனத்தில் இயக்குநர் ஷங்கர், மதன் கார்க்கி ஆகியோருடன் அவர் பெயரும் இருக்கிறது. 2008 பிப்ரவரி 27 அன்று, படம் வளர்வதற்கு முன்பே அவர் காலமானார். ‘2.0’க்கு ஜெயமோகன் வசனம் எழுதினார். எழுத்தாளர் மாறியதால்தான் படம் இளைத்தது என்று நான் சொல்லவில்லை; ஜெயமோகன் சாதாரண எழுத்தாளரும் அல்ல. ஆனால் தொடர் என்ற ஏற்பாட்டில் எழுத்தாளர் எங்கே நிற்கிறார் என்பதை இது யோசிக்க வைக்கிறது. முதல் படத்துக்குக் கேள்வியோடு ஒருவர் வருகிறார். இரண்டாவது படத்துக்குக் கேள்வி வருவதற்கு முன்பே தலைப்பு, நாயகன், பட்ஜெட் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

சுஜாதாவே ஒரு தொடர்ச்சி எழுதியிருக்கிறார் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி இருக்கிறது. ‘என் இனிய இயந்திரா’ நாவலில் எல்லோரையும் ஆட்டிவைக்கும் சர்வாதிகாரி ஜீவா கடைசியில் வெறும் பிம்பம் என்று தெரியவருகிறது. ஜீனோ என்ற எந்திர நாய்க்குட்டி வாசகர் மனத்தைக் கொள்ளைகொண்டது. தொடர்ச்சிக்கு ‘மீண்டும் ஜீனோ’ என்று பெயர் வைத்த பிறகு நாய்க்குட்டியை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சர்வாதிகாரி போய்விட்டான் சரி, அவன் இடத்துக்கு வருபவர்கள் யார், புதிய அரசியைப் பின்னாலிருந்து ஆட்டுபவர்கள் யார் என்று முதல் கதை முடிந்த இடத்தில் பிறக்கும் கேள்வியை எடுத்துக்கொண்டார். முந்தைய முடிவை ரத்து செய்யாமல், அதன் விளைவை விசாரித்தார்.

ஷங்கருக்கு அந்தச் சுதந்திரம் இருந்ததா என்பது சந்தேகம். ‘எந்திரன்’ ஓடிக்கொண்டிருந்தபோது தியேட்டரில் அதிக விசில் வாங்கியது நல்ல சிட்டி இல்லை. சிவப்பு சிப் பொருத்திய கெட்ட சிட்டி. ஆடு போலக் கத்திக் கிண்டல் செய்யும், நடையிலும் சிரிப்பிலும், அதில் நடித்த ரஜினியின் பழைய வில்லன் வேடங்களை நினைவூட்டும் சிட்டி. கதையில் அந்தச் சிவப்பு சிப்தான் எல்லா அழிவுக்கும் மூலம். அதைக் கழற்றிய பிறகே ஊர் மூச்சு விடுகிறது. ‘2.0’இல் கதை தோல்வியின் விளிம்புக்குப் போகும்போது, நிலா என்ற எந்திரப் பெண் அதே சிவப்பு சிப்பை எடுத்துச் சிட்டிக்குப் பொருத்துகிறாள். தியேட்டர் அதிர்கிறது. முதல் படத்தில் அழிவாக இருந்தது இரண்டாவதில் வெற்றிக்கு வழி. இடையில் எந்த வாதமும் நடக்கவில்லை. ரசிகர்களின் பிரியம் ஒன்றுதான் நடந்திருக்கிறது. என் வாதத்தின் மையம் இதுதான். இவ்வகைக் கதையில் வரும் விபரீத உருவம் ஒரு கேள்வியாகப் பிறக்கிறது. மக்கள் அதை நேசிக்கத் தொடங்குகிறார்கள். நேசம் முற்றியதும் உருவம் மட்டும் நிற்கிறது, கேள்வி உதிர்ந்துவிடுகிறது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதை இல்லை. 1954இல் ஜப்பானில் இஷிரோ ஹோண்டா எடுத்த ‘காட்ஸில்லா’ அணுகுண்டின் பயத்திலிருந்து வந்த படம். ஹிரோஷிமா, நாகசாகிக்கு ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த ஆண்டு மார்ச்சில்தான் அமெரிக்க ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. பத்தே ஆண்டுகளில் அதே காட்ஸில்லா வேற்றுக்கிரக அரக்கனிடமிருந்து பூமியைக் காக்கக் கிளம்பிவிட்டது. 1970களில் குழந்தைகளின் தோழன். ‘டெர்மினேட்டரி’ல் 1984இல் கொல்ல வந்த எந்திரம் 1991இல் காக்க வந்தது. அந்த இரண்டாம் படம் நல்ல படம் என்பதை மறுக்கவில்லை. கொல்வதற்குச் செய்யப்பட்ட ஒன்று ஒரு சிறுவனிடமிருந்து எதைக் கற்க முடியும் என்ற புதுக் கேள்வி அதில் இருந்தது. கடைசியில் அந்த எந்திரமும், நம் சிட்டி போலவே, தான் இருக்கக் கூடாது என்று தானே முடிவு செய்து உருகிய இரும்புக்குள் இறங்குகிறது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். 2003இல் வந்த மூன்றாம் பாகம், அந்தத் தியாகம் எதையும் தடுக்கவில்லை, போர் வந்தே தீரும் என்றது. 2019இல் வந்த ஆறாம் பாகம் நடுவில் வந்த மூன்று படங்களையும் நடக்காதவையாக்கி, யாருக்காக முதல் இரண்டு படங்களும் போராடினவோ அந்தப் பையனை முதல் சில நிமிடங்களிலேயே கொன்றது. ‘ஏலியன் 3’ (1992) முந்தைய படத்தில் அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய சிறுமியைத் தொடக்கத்திலேயே பிணமாக்கியது. இப்படி ஒவ்வொரு முடிவும் அடுத்த பாகத்தில் செல்லாது என்று பழகிவிட்ட பார்வையாளர், எந்த முடிவுக்கும் கலங்குவதை நிறுத்திவிடுகிறார்.

யார் இதை வேண்டும் என்று செய்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை. ஜேம்ஸ் கேமரூன் முதல் ‘டெர்மினேட்டரை’த் தானே இயக்க வேண்டும் என்பதற்காக அதன் உரிமையை ஒரு டாலருக்கு விற்றார். அதற்குப் பிறகு அந்த உரிமை கம்பெனி கம்பெனியாகக் கைமாறியது. இரண்டாம் பாகத்தை எடுத்த கரோல்கோ 1995இல் திவாலானது. நான்காவதை எடுத்த ஹால்சியன் 2009இல் திவால் மனு போட்டது. உரிமைக்குப் பெரும் பணம் கொடுத்தவர் படம் எடுத்தே ஆக வேண்டும். சொல்ல விஷயம் இருக்கிறதா என்பது அந்தக் கணக்கேட்டில் ஒரு வரியாகக் கூட வருவதில்லை.

‘2.0’க்கு வருவோம். அதில் கேள்வி அறவே இல்லை என்றால் அது அநியாயம். அக்‌ஷய் குமார் நடித்த பட்சிராஜன் என்ற பறவையியலாளர் இருக்கிறார். செல்போன் கோபுரங்களால் பறவைகள் சாகின்றன என்று படி ஏறி இறங்கி முறையிட்டு, யாரும் கேளாமல், கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். அந்த முன்கதைதான் படத்தின் உயிர். செல்போன் அலைகளால் பறவைகள் சாகின்றன என்பது நிறுவப்பட்ட உண்மை அல்ல. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதும் பார்த்தால் பெரிதாகக் குறையவில்லை என்றும், அலைக்கதிர் மேல் பழிபோட ஆதாரம் போதவில்லை என்றும் சொன்னது. செல்போன் நிறுவனங்களின் சங்கம் படம் வெளிவருவதற்கு முன்பே தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. ஆனால் ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டு, அது உண்மையானால் என்ன ஆகும் என்று கேட்பது இந்த வகையின் உரிமை. குறை அதில் இல்லை. செத்த பட்சிராஜன் கோபத்தோடு ஒளிவடிவ ஆவியாகத் திரும்பி வருகிறார். அவரை அடக்கச் சிட்டி வருகிறது. ஆவி வந்த நிமிடமே ஊகம் போய்விட்டது. மேலே சொன்ன பேய்ப்படங்களின் வழிக்கு ‘2.0’ வந்துவிட்டது.

அந்த ஊகம் தொட்ட கேள்வியை ஒரு மலையூரில் கேட்டுப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் கல்வராயன் மலை. அதன் மேலே கரியாலூர். மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் போட்டு, கடுக்காய் பொறுக்கி வாழும் மலை. போகப் போக வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். 2020 ஊரடங்கில் பாடம் போனுக்கு வந்தபோது மேட்டையும் பாறையையும் தேடிப் போய் உட்கார்ந்து படித்த பிள்ளைகளில் ஒருவன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். கரியாலூர் டீக்கடையில் அவனிடம் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். டிவியில் பல தடவை பார்த்திருக்கிறான்.

“அந்தப் பறவைக்காரர் சொல்றது நியாயம்தானே சார்?” என்றான். “ஆனா டவர் வேணாம்னு எங்க ஊர்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. பிரசவ வலின்னா வண்டிக்குச் சொல்லவே பாறை மேல ஏறணும்.”

“அப்போ அவருக்கு என்னதான்பா பதில்?”

“அதத்தான் படத்துல சொல்லலையே சார். சண்டை போட்டு முடிச்சிட்டாங்க.”

பறவையும் வேண்டும், கோபுரமும் வேண்டும் என்று நிற்கிற ஓர் ஊருக்கு ‘2.0’ சொல்ல எதுவும் வைத்திருக்கவில்லை. கோபுரத்தின் அலை அளவை எவ்வளவு குறைக்கலாம், அதற்கு யார் விலை கொடுப்பது, நகரத்தின் வேகத்துக்காகக் காடு எவ்வளவு இழக்கலாம் என்பதெல்லாம் நாடகம் இல்லாத விஷயங்கள் அல்ல. இந்தியா 2012 செப்டம்பரில் கோபுரக் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச அளவுகோலில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. அதைச் சுற்றி நடந்திருக்கக்கூடிய வாதப் பிரதிவாதங்களிலிருந்தே ஒரு நல்ல படத்தின் இரண்டாம் பாதியை எழுதியிருக்கலாம். சிந்திக்கத் தெரிந்த எந்திரம் ஒன்று கையில் இருக்கும்போது, அதை ஏன் பட்சிராஜனோடு பேசவிடக் கூடாது? சிட்டிக்கு அவர் பக்க நியாயம் புரிந்திருந்தால்? தன்னைப் போலவே மனிதரால் தூக்கியெறியப்பட்ட ஒருவரை அது எப்படி எதிர்த்திருக்கும்? ‘எந்திரனி’ன் சிட்டி என்றால் இதைக் கேட்டிருக்கும்.

கேட்கவிடாமல் செய்ததில் பணத்துக்குப் பெரிய பங்கு. ‘எந்திரன்’ ஏறக்குறைய 130 கோடி ரூபாயில் எடுக்கப்பட்டது. ‘2.0’ 500 கோடியைத் தாண்டியதாகச் சொல்லப்பட்டது. 2017 தீபாவளிக்கு வருவதாக இருந்தது 2018 ஜனவரிக்குத் தள்ளிப்போய், கிராஃபிக்ஸ் வேலை முடியாமல் நவம்பரில்தான் வந்தது. அவ்வளவு பணம் திரும்பி வர வேண்டுமானால் தமிழ், தெலுங்கு, இந்தி போதாது, சீனாவும் வேண்டும். தீப்பிடித்த கட்டடத்தின் முன்னால் ஒரு பெண் அடைந்த அவமானம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேராது. செல்போன்களால் ஆன ராட்சதப் பறவையும் அதன் எதிரில் எழுந்து நிற்கும் ராட்சத எந்திரமும் எங்கும் போகும். அந்தக் காட்சிகளுக்காக சீனிவாஸ் மோகனும் அவருடைய குழுவும் செய்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் 127 நிமிடம் ஓடும் ‘ஜுராசிக் பார்க்’கில் (1993) டைனோசர்கள் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம். அதில் கணினியில் செய்தவை 6 நிமிட அளவுக்குத்தான். மீதி நேரமெல்லாம் இப்படிச் செய்யலாமா என்று மனிதர்கள் வாதாடுகிறார்கள், பிறகு பயந்து ஓடுகிறார்கள். நான்காவதாக வந்த ‘ஜுராசிக் வேர்ல்டு’ (2015) கதைக்குள்ளேயே, வெறும் டைனோசர் மக்களுக்குச் சலித்துவிட்டது என்று இன்னும் பெரிதாக ஒன்றை ஆய்வகத்தில் உருவாக்குகிறார்கள்.

இந்தியிலும் இதே பாதைதான். ‘கோயி மில் கயா’ (2003) வேற்றுக்கிரக உயிர் ஒன்று மனவளர்ச்சி குன்றிய இளைஞனைச் சந்தித்தால் என்ன ஆகும் என்று வியந்து கேட்டது. ‘கிரிஷ்’ (2006) அவனுடைய மகனுக்கு முகமூடி மாட்டிச் சூப்பர்ஹீரோ ஆக்கியது. ‘கிரிஷ் 3’ (2013) வருவதற்குள் வியப்பு முழுதும் வற்றி, சண்டை மட்டும் மிஞ்சியது.

சரிவு விதி என்றால் விதிவிலக்கு இருக்கக் கூடாது; ஆனால் இருக்கிறது. ஜார்ஜ் மில்லர் 1985க்குப் பிறகு முப்பது ஆண்டு கழித்து எடுத்த ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ அந்த வரிசையிலேயே சிறந்த படம் என்று நினைக்கிறேன். நாயகனை அதில் அவர் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு, அடிமைப்பட்ட பெண்கள் தப்பிப்பதைக் கதையாக்கினார். ‘பிளானட் ஆஃப் த ஏப்ஸ்’ 1968க்கும் 1973க்கும் இடையில் ஐந்து படமாக வந்து தேய்ந்து நின்றது. 2011இல் மறுபடி தொடங்கியபோது குரங்குகளின் உலகத்தை விட்டுவிட்டு, சோதனைக்கூடத்தில் பிறந்த ஒரே ஒரு சிம்பன்சியின் மனத்துக்குள் புகுந்தார்கள், உயிர் திரும்பியது.

எல்லாவற்றையும் விட எனக்கு நம்பிக்கை தருவது 2023இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’. எழுபது ஆண்டுத் தொடர், முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள், குழந்தைகளின் தோழனாகிவிட்ட ஒரு மிருகம். தகாஷி யமசாகி அதை மறுபடி யாருக்கும் தோழன் இல்லாததாக ஆக்கினார். போரில் தோற்றுச் சாம்பலான ஜப்பானுக்கு, தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டுச் சாகாமல் திரும்பிய ஒரு விமானியின் வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டுவந்தார். உயிரோடு திரும்பியது குற்றமா என்பதுதான் அந்தப் படத்தின் கேள்வி. மிருகம் வரும் ஒவ்வொரு முறையும் அந்த விமானி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கதையை எழுதியவரும் யமசாகி, இயக்கியவரும் அவர், கிராஃபிக்ஸை மேற்பார்த்தவரும் அவர். 35 கலைஞர்கள் சேர்ந்து 610 ஷாட்களைச் செய்தார்கள். 2024 மார்ச்சில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது அவர்களுக்குக் கிடைத்தது. செலவு ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவு என்றார்கள். சம்பளமும் விலைவாசியும் நாட்டுக்கு நாடு வேறுதான், இருந்தாலும் ‘2.0’க்கு ஆனதாகச் சொல்லப்பட்ட பணத்தில் அப்படி நான்கு படங்கள் எடுத்திருக்கலாம்.